டீசல் இயந்திரத்தின் இருமல்: தோட்டத்துக் கொட்டகை முதல் ஈப்போ பட்டறை வரை



எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் பழைய டீசல் வேன் ஒன்று, சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் மும்முறை வழியில் நின்றுவிட்டது. காலையில் இயந்திரம் நடுங்கும். சாலை விளக்கருகே வேகம் குறைந்ததும் இருமுறை குலுங்கி அணைந்துவிடும். பின்னால் லோரிகள் வரும் சாலை. உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு பட்டறையில் நான்கு நாசில்களையும் எண்ணெய்ப் பம்பையும் மாற்ற வேண்டும் என்று கூறி, ஓட்டுநரின் இரண்டு மாத வருமானத்தை விலையாகச் சொன்னார்கள். அவர் தயங்கி, தோட்டத்து இஞ்சின் கொட்டகையில் தொழில் பழகிய ஒரு முதியவரிடம் வண்டியைக் கொண்டுபோனார். முதியவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எண்ணெய் வர்ற வழியைப் பாத்தாங்களா?" என்பதுதான். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தது. டீசல் வெளியே சொட்டவில்லை. காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. சில ரிங்கிட் செலவில் வேலை முடிந்தது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கும்போது எழும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே நல்ல இறுக்கமும், உரிய நேரத்தில் உரிய அளவு எண்ணெயும் இருந்தால் அது ஓடும். ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் இதை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அவருடைய இயந்திரத்தில் எண்ணெயை உள்ளே ஊதவே தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய பாரத்தை மகிழுந்தில் ஏற்ற முடியாது. 1927-இல் பாஷ் நிறுவனம் எண்ணெயை நேரடியாகப் பீய்ச்சும் பம்பைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே வழி திறந்தது. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் டீசல் மகிழுந்து விற்பனைக்கு வந்தது. அதை விரும்பி வாங்கியவர்களில் டாக்சிக்காரர்கள் முக்கியமானவர்கள்.

பேராவில் டீசல் இயந்திரம் மகிழுந்துக்கு முன்பே வேறு வேலைகளில் பழகியிருந்தது. 1930-இல் செண்டரோ அணை வந்தபின் கிந்தாவின் பெரிய ஈயக் கப்பல்களுக்கு மின்சாரம் கிடைத்தது. சிறிய லம்பங்கள் பல, சேற்று மணலை மேலேற்றும் பம்புகளை டீசலில் ஓட்டின. கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ஒன்பது கன்றுகளோடு இம்மாநிலத்தில் தொடங்கிய ரப்பர், பின்னாளில் தோட்டந்தோறும் ஒரு தொழிற்சாலையையும் அதனருகே ஓர் இஞ்சின் கொட்டகையையும் கொண்டுவந்தது. மாலையில் சில மணி நேரம் லயத்து வீடுகளில் விளக்கெரிந்ததும் அந்த இயந்திரத்தால்தான். விளக்கு மங்கி மங்கி எரிந்தால் இஞ்சின்காரர் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இயந்திரம் பசியால் இருமுகிறது என்பதை விளக்கொளியிலேயே படிக்கத் தெரிந்தவர் அவர். பள்ளிக்கூடம் கொடுக்காத பாடம் அது. அதற்குச் சான்றிதழும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடப்பட்டபோதும், இப்படிப்பட்டவர்களிடம் காட்டுவதற்குக் கை மட்டுமே இருந்தது. சிலர் ஈப்போ பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அங்கே அவர்களுக்கு வாய்த்தவை வெளியூர் டாக்சிகள். மெர்சிடிஸ் 190 டி, 200 டி ஆகிய வண்டிகளை ஈப்போவின் மேடான் கிட் பகுதியில் பார்த்த நினைவு பலருக்கு இருக்கும். அவற்றின் நோய்களைக் கண்டறிய மின்கருவி எதுவும் வேண்டியதில்லை. இயந்திரம் ஓடும்போதே, நாசிலுக்குச் செல்லும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். ஒன்றைத் தளர்த்தியதும் ஓட்டம் இன்னும் மோசமானால் அந்தச் சிலிண்டர் நன்றாக உழைக்கிறது. ஓசையில் மாற்றமே இல்லாவிட்டால் நோய் அங்கேதான். காலையில் கிளம்ப மறுத்தால் ஹீட்டர் பிளக்குகளைப் பார்ப்பார்கள். பழைய வண்டிகளில் அவை திருவிழா விளக்குச் சரம்போல் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருந்தன. ஒன்று எரிந்துபோனால் நான்கும் செத்தன. ஓட்டம் தானாக ஏறி இறங்கினால், பம்பின் பின்புறமுள்ள சவ்வு காய்ந்தோ கிழிந்தோ இருக்கும்.

இத்தனைக்கும் முன்னால் செய்தது, முதியவர் கேட்டதைத்தான். தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் வழியில் ஓட்டை இருந்தால் எண்ணெய் கசிவதைவிடக் காற்று நுழைவதே எளிது. காற்று அழுத்தினால் சுருங்கும். டீசல் அவ்வளவு சுருங்காது. பம்பு காற்றை அமுக்கிக்கொண்டிருக்கையில் நாசில் வாய் திறப்பதில்லை. இயந்திரம் ஒரு துடிப்பை இழந்து குலுங்குகிறது. ஆகவே முதலில் வடிகட்டி, அதில் தேங்கிய நீர், பிறகு குழாய், கைப்பம்பால் காற்றை வெளியேற்றுதல் என்று மலிவானவற்றை முடித்த பின்னரே நாசிலைக் கழற்றினார்கள். முதியவர் வேனில் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை இடையில் மாட்டிக் குமிழி ஓடுவதை ஓட்டுநருக்கே காட்டினார். எனக்கு அது நல்ல அறிவியல் பாடமாகத் தோன்றியது.

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நட்டைத் தளர்த்தும் பழைய முறையை இன்றைய வண்டிகளில் செய்யவே கூடாது. அந்த டாக்சிகளின் நாசில் நூறு பாருக்குச் சற்று மேற்பட்ட அழுத்தத்தில் திறந்தது. 1997 முதல் மகிழுந்துகளுக்கு வந்த காமன் ரெயில் முறையில் அழுத்தம் 1,350 பாரை எட்டியது. இன்று 2,000-ஐயும் தாண்டுகிறது. அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். ஆயினும் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். புதிய முறையில், ஒவ்வொரு நாசிலும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் எண்ணெயைத் தனித்தனிக் குப்பியில் பிடித்து அளவை ஒப்பிடுகிறார்கள். மிகுதியாகத் திருப்பும் நாசில் தேய்ந்துவிட்டது என்று பொருள். கணினிக் கருவி பிழை எண்ணைச் சொல்கிறது. ஆயினும் அழுத்தம் குறைவு என்று அது காட்டும்போது, காரணம் பம்பா, அடைத்த வடிகட்டியா என்பதை மனிதர்தான் தேட வேண்டும்.

வடிகட்டியின் கதையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் இயந்திரம் கடலை எண்ணெயில் ஓடியது. நம் நாட்டு ஆய்வாளர்கள் 1980-களில் பாமாயில் டீசலைப் பேருந்துகளில் ஓட்டிச் சோதித்தார்கள். 2011-இல் விற்பனை டீசலில் 5 விழுக்காடு பாமாயில் எரிபொருள் கலக்கத் தொடங்கியது. 2019-இல் 10 விழுக்காடானது. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்பதைச் சுங்கை சிப்புட் பக்கம் போகிறவர்கள் அறிவார்கள். இந்த எரிபொருள் பழைய தொட்டியின் அடியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். நீரையும் சற்று அதிகமாக ஈர்க்கும். நீர் தேங்கினால் அங்கே நுண்ணுயிர் வளர்ந்து கரும்பாசிபோல் வடிகட்டியில் ஒட்டும். எரிபொருளைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. முதுமையடைந்த வண்டியை வைத்திருப்போர் வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவதும், மழைக்காலத்தில் தொட்டியைக் காலியாக நிறுத்தாமலிருப்பதும் நல்லது.

உங்கள் வண்டி நின்றால் பட்டறையில் இவற்றைச் சொல்லுங்கள்: குளிர்ந்திருக்கையில் நின்றதா, சூடான பிறகா? எண்ணெய் ஊற்றிய மறுநாளா? மேடேறும்போதா, நிற்கும்போதா? புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா? எங்கள் வேன் ஓட்டுநர் இப்போது இதையெல்லாம் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிவருகிறார். முன்பக்கத்தில் தம் பெயருக்குக் கீழே வகுப்பு என்ற இடத்தில் வேனின் எண்ணை எழுதியிருக்கிறார்.