கம்பஸ் பிறந்த கதை

இலங்கைத் தமிழர் பேச்சில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் ‘கம்பஸ்’. “மகளுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது” என்றால், அது பேராதனையாகவும் இருக்கலாம், யாழ்ப்பாணமாகவும் இருக்கலாம், மொறட்டுவையாகவும் இருக்கலாம். இந்தச் சொல் சட்டப் புத்தகத்திலிருந்து வீட்டுக்குள் வந்தது. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்று ஒற்றைப் பெயர் வைத்தார்கள். அதுவரை தனித்தனியே நின்றவை அதன் ‘வளாகங்கள்’, ஆங்கிலத்தில் ‘கம்பஸ்’, ஆயின. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் அந்த ஏற்பாட்டைக் கலைத்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பல்கலைக்கழகம் ஆக்கியது. சட்டம் மாறினாலும் வாய் மாறவில்லை.

‘திருமலை’ என்று சுருக்கிச் சொல்லப்படும் திருகோணமலையில் அந்தச் சொல் இன்றைக்கும் சட்டப்படி சரி. நகரை விட்டு வடக்கே, உப்புவெளியைக் கடந்து நிலாவெளி வீதியில் போனால் கோணேசபுரி வரும். அங்கே நிற்பது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அதற்குத் தலைவர் துணைவேந்தர் அல்லர், ‘முதல்வர்’. துணைவேந்தர் இருப்பது தெற்கே நூறு கிலோமீற்றருக்கு அப்பால், மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில். ஆண்டுதோறும் எத்தனை பேர் படித்தார்கள், என்ன ஆய்வு நடந்தது, ஊருக்கு என்ன செய்தோம் என்று கணக்குக் கொடுக்கும்போதும் திருமலையின் கணக்கு தாய்ப் பல்கலைக்கழகத்தின் அறிக்கைக்குள்தான் அடங்குகிறது. ஒரு காலத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் இடமாக நினைக்கப்பட்ட ஊர், இன்னொரு பல்கலைக்கழகத்தின் வளாகம் ஆனது எப்படி? அதுதான் கதை.

துறைமுகத்தின் ஆழம் இந்த ஊருக்கு வரமும் சாபமும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கோட்டை கட்டினார்கள். பின்னால் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறியது. வந்தவர்கள் எல்லோருக்கும் வேண்டியிருந்தது குடாவின் ஆழம். கரையில் இருந்த பிள்ளைகளின் படிப்பு யாருடைய கணக்கிலும் இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதி நாட்டின் முதலாவது பல்கலைக்கழகமான இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியது. அதைக் கொழும்பிலேயே வைப்பதா மலைநாட்டுக்குக் கொண்டுபோவதா என்று பல வருடமாக நடந்த வழக்கில் கடைசியில் பேராதனை வென்றது. பல்கலைக்கழகத்துக்கு இடம் பிடிக்கும் சண்டை இந்தத் தீவுக்குப் பழையது. அந்த முதற் சண்டையில் திருகோணமலை போட்டியாளராகக்கூட நிற்கவில்லை.

இத்தனைக்கும் ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1920களில் இராமகிருஷ்ண மிஷன் சார்பில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினார். அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். திருமலையில் இருந்தபோது அவருக்குக் கொடுக்க இந்த ஊரிடம் இருந்தது பள்ளிக்கூடம்தான். பேராசிரியர் ஆக அவர் முதலில் கடலையும் பிறகு காட்டையும் கடக்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகம் என்ற பேச்சு இங்கே அரசியலோடு சேர்ந்து பிறந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அந்த ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தொண்டர்கள் கால்நடையாகவே வந்து சேர்ந்தார்கள். ‘திருமலை யாத்திரை’ என்று அதற்குப் பெயர். திருமலையைத் தமிழ் பேசும் மாகாணங்களின் நடுவூராகப் பார்க்கும் பார்வை அந்தக் காலத்தில் ஊன்றியது. தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும், அது திருகோணமலையில் வேண்டும் என்ற கோரிக்கை ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மேடை மேடையாக ஒலித்தது. வடக்குக்கும் கிழக்குக்கும், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான மண் இது என்பது கோரியவர்களின் வாதம். கல்லூரி, நூலகம், ஆசிரியர் எல்லாம் ஏற்கெனவே உள்ள யாழ்ப்பாணமே பொருத்தம் என்பது மறுபக்கத்தின் வாதம். இந்துப் பல்கலைக்கழகம் கேட்டவர்களும் யாழ்ப்பாணத்தையே காட்டினார்கள்.

1974 ஒக்டோபரில் வழக்கு தீர்ந்தது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க யாழ்ப்பாணத்தில் வளாகத்தைத் திறந்துவைத்தார். சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி அதன் இருப்பிடம் ஆனது, க. கைலாசபதி முதல் தலைவர். திருகோணமலையே வேண்டும் என்று நின்ற தமிழ்த் தலைவர்கள் அந்தத் திறப்பை ஒரு தோல்வியாகவே பார்த்தார்கள். 1979இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

கிழக்குக்கு முறை வந்தபோதும் இடம் திருமலை இல்லை. 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. விஞ்ஞானம், விவசாயம் என்று இரண்டு பீடங்கள்; கைப்பிடித்து நடத்தியது பேராதனை. யாழ்ப்பாண நூலகம் எரிந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1986 ஒக்டோபர் முதலாம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது.

திருகோணமலைக்கான கதவு திறந்தது யாரும் தட்டாத பக்கத்திலிருந்து. 1987 முதல் 89 வரை தெற்கில் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி நடந்து, பெரும் இரத்தத்தில் அடக்கப்பட்டது. இளைஞர்களின் மனக்குறையை ஆராய 1989இல் ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. உயர்தரப் பரீட்சையில் தேறியும் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தப்படுகிறவர்கள் எத்தனை ஆயிரம் என்பது அப்போது யாராலும் தள்ளிவிட முடியாத கேள்வியாக எழுந்து நின்றது. அதற்கு அரசாங்கம் கண்ட விடைகளில் ஒன்று, மாகாணங்களில் ‘இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள்’. பட்டம் அல்ல, டிப்ளோமா. ஏற்கெனவே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைப்பு. கிழக்கு மாகாணத்துக்கான கல்லூரி 1993இல் திருகோணமலையில் தொடங்கியது. தமிழ்த் தலைவர்கள் நாற்பது வருடம் கேட்டுக் கிடைக்காததன் சிறு துண்டு, தெற்கில் செத்துப்போன பிள்ளைகளின் பெயரால் வந்து சேர்ந்தது. இந்த நாட்டில் ஒருவருடைய கோரிக்கைக்கு இன்னொருவருடைய துயரம் பதிலாக வருவது புதிதல்ல.

மற்ற மாகாணங்களில் இதே வித்து விரைவாக முளைத்தது. ரஜரட்டை, சப்ரகமுவ பல்கலைக்கழகங்கள் இத்தகைய கல்லூரிகளிலிருந்து தொண்ணூறுகளின் நடுவிலேயே எழுந்தன. திருகோணமலையின் வித்து, அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த போருக்குள் விழுந்திருந்தது. 1995 ஏப்ரலில் துறைமுகத்துக்குள்ளேயே கடற்படைக் கப்பல்கள் இரண்டைப் புலிகள் மூழ்கடித்தபோது மீண்டும் யுத்தம் மூண்டது. கல்லூரி வளாகம் ஆனது 2001இல்தான். தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம் என்று இரண்டு பீடங்கள். மொழிகள், ஊடகத் தொடர்பாடல், முகாமைத்துவம், கணினி விஞ்ஞானம் இவையே அதன் முகம். மருத்துவமோ பொறியியலோ கேட்டுக் கனவு கண்டவர்களுக்கு இது குறைவாகத் தெரிந்திருக்கலாம்.

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த வழியைப் பார்த்தால் அந்தக் காலம் விளங்கும். கரையோர வீதியில் கிண்ணியா, கங்கை, உப்பாறு, இறால்குழி என்று ஆறும் களப்பும் குறுக்கே கிடந்தன. அங்கெல்லாம் பாலம் இல்லை; ‘பாதை’தான். வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்குக் கிழக்கில் பாதை என்று பெயர். சண்டை மூண்டால் அந்த வீதியே இல்லை. திருமலையிலிருந்து வந்தாறுமூலைக்குப் போகிறவர் ஹபரணை, பொலன்னறுவை என்று நாட்டின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். யுத்தம் முடிந்த 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது, ஊர்களுக்கு இடையிலான தூரத்தோடு சேர்த்து, ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அதன் வளாகத்துக்கும் இடையிலான தூரமும் குறைந்தது.

இந்த ஆண்டுகளின் அறிக்கைகளை ‘முன்னேற்றம்’ என்ற ஒரே சொல்லால் வாசிக்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் ஏறியது. 2006 ஜனவரி 2 மாலை, திருகோணமலைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத் கொழும்பில் வைத்துக் காணாமற் போனார், திரும்பவே இல்லை. தலைவரே காணாமற் போன ஆண்டிலும் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, கணக்கு முடித்த நிறுவனம் இது. அத்தகைய ஆண்டில் வகுப்பறை திறந்திருந்தது என்பதே ஒரு சாதனைதான். அதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

அடுத்த கிளை ஊருக்குள்ளிருந்தே முளைத்தது. சித்த மருத்துவத்தில் பட்டம் தர இலங்கையில் அதுவரை யாழ்ப்பாணம் மட்டுமே இருந்தது. 1984 முதல் அங்கே அது நடக்கிறது. 2008இல் திருகோணமலையிலும் சித்த மருத்துவ அலகு தொடங்கியது. பின்னர் அது தனிப் பீடமாக வளர்ந்தது. பரம்பரை வைத்தியர்களின் ஏட்டிலும் கைப்பக்குவத்திலும் இருந்த அறிவு, உடற்கூற்றியலோடும் நோய்க்குறியியலோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தது. மற்றத் துறைகளில் பல்கலைக்கழகம் ஊருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. இங்கே ஊரிடம் வாங்கிக்கொள்கிறது.

கற்பித்தல், ஆய்வு, சமூகப் பணி என்ற பல்கலைக்கழகத்தின் மூன்று கடமைகளும் உலகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தன. கற்பிப்பது முதலாவது. கற்பிப்பவரே ஆய்வும் செய்ய வேண்டும் என்பது 1810இல் எழுந்த பெர்லின் பல்கலைக்கழகத்தோடு வலுப்பெற்ற எண்ணம். வயலுக்கும் பட்டறைக்கும் உதவ வேண்டும் என்பதை அமெரிக்கா 1862இல் நிலம் கொடுத்துச் சட்டமாக்கியது. திருகோணமலையில் இந்த வரிசை தலைகீழ். இங்கே முதலில் வந்தது சமூகம். ஒரு கரும்பலகை வருவதற்கு நாற்பது வருடம் முன்பே ஊர் வந்து காத்திருந்தது. பிறகு கற்பித்தல் வந்தது. ஆய்வு மெல்லப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே ‘சமூக ஈடுபாடு’ என்ற தலைப்பு இந்த வளாகத்தின் அறிக்கையில் கடைசி அத்தியாயமாக வருவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இலவச மருத்துவ முகாம், பள்ளிக்கூடத்தில் கணினி வகுப்பு என்று பட்டியல் போடுவதோடு அது முடிந்துவிடவும் முடியாது. அது தானம் இல்லை, கடன் திருப்புவது.

யாருக்குத் திருப்புவது என்பதில்தான் கதை, பல்கலைக்கழகம் கேட்டவர்கள் நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் பத்துப் பேரில் நாலு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், ஏறத்தாழ மூன்று பேர் சிங்களவர். வளாகத்துக்கு வருகிறவர்களோ மாவட்டத்தார் மட்டும் அல்லர். இலங்கையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு நாற்பது இடம் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து மாவட்டக் கோட்டாவிலும், மீதி ஐந்து கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகிறது. அந்தப் பின்தங்கிய பதினாறில் திருகோணமலையும் ஒன்று. உயர்தரப் பரீட்சையின் ‘இசட்’ புள்ளி சொல்லும் இடத்துக்குப் பிள்ளைகள் இரவு பஸ் ஏறுகிறார்கள். தெற்கிலிருந்து வரும் சிங்களப் பிள்ளையும் கிண்ணியாப் பிள்ளையும் யாழ்ப்பாணப் பிள்ளையும் ஒரே விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் குறிப்பெடுக்கிறார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் கேட்ட ஊரில் பிறந்தது மூன்று மொழியும் நடமாடும் வளாகம். இதைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொதுவான மண் என்பதுதானே அன்றைய வாதம் என்று கேட்டால், அவர்களுக்கும் உடனே பதில் வராது.

வளாகத்தைத் தனிப் பல்கலைக்கழகம் ஆக்க வேண்டும் என்ற பேச்சு ஓயவில்லை. அது நடந்தால் ‘கம்பஸ்’ என்ற சொல் திருமலையிலும் வெறும் வழக்காகிவிடும். நடக்கும்வரை கணக்கு வந்தாறுமூலை வழியே கொழும்புக்குப் போகும். அரச பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கை பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சாக வேண்டும். ஒரே மொழி என்று சட்டம் வந்த ஆண்டில் திருமலைக்குக் கால் தேய நடந்து வந்தவர்களுக்கு அந்தத் தமிழ்ப் பிரதியின் விலை தெரிந்திருக்கும். இன்று மூன்று மொழியிலும் அதைப் புரட்டிப் பார்ப்பவர் சிலரே என்பது வேறு கதை.