சிறையில் சிகிச்சை கேட்டால் பழிவாங்குவார்களா? கோவில்பட்டி சம்பவமும் கைதிகளின் உரிமைகளும்

சாத்தான்குளம் வியாபாரி ஜெயராஜ், அவரது மகன் பென்னிக்ஸ் இருவரும் 2020 ஜூன் 19 அன்று கைது செய்யப்பட்டனர். மறுநாள் மருத்துவரின் உடல் தகுதிச் சான்றோடு ரிமாண்ட் செய்யப்பட்டு, சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் அதிகாலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தனர்.

காகிதத்தில் எல்லாம் சரி. அப்படியானால் காயத்தை எங்கே, யாரிடம் சொல்லணும்?

மருத்துவரிடம்: கைதானதும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். காயங்களை மருத்துவர் எழுத வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவரோ அவர் சொல்லும் நபரோ பெறலாம் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 53).

நீதிபதியிடம்: ரிமாண்டின்போது வாய்விட்டுச் சொன்னாலே போதும், மனு தேவையில்லை. அன்று பயத்தில் சொல்லாமல் விட்டாலும், ஒவ்வொரு காவல் நீட்டிப்பின்போதும் சொல்லலாம்.

சிறையில்: உள்ளே வரும் கைதியின் உடலில் உள்ள காயம், தழும்புகளைப் பதிவு செய்யணும் என்கிறது 1894 சிறைச் சட்டம். மருத்துவரைப் பார்க்கணும்னு கைதி கேட்டால், பொறுப்பில் இருப்பவர் தாமதிக்காமல் ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

புகார் சொன்னால் என்னாகும்?

பலரும் வாய் திறக்காததற்கு இந்தப் பயம்தான் காரணம். திகார் சிறையில் சக கைதி தாக்கப்பட்டதை சுனில் பத்ரா என்ற கைதி கடிதமாக எழுத, உச்ச நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்றது. தனிமைச் சிறை, சலுகை பறிப்பு, தண்டனையாக வேறு சிறைக்கு மாற்றுவது போன்றவற்றுக்கு மாவட்ட அமர்வு நீதிபதியின் பரிசீலனை வேண்டும். அவசரம் என்றால் 2 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

சாத்தான்குளம் வழக்கிலும் மிரட்டல் வந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடமே காவலர்கள் அத்துமீறியதாக அவர் அறிக்கை அளித்தார். மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை வசம் ஒப்படைக்கச் சொன்னது. சாட்சி சொன்ன பெண் தலைமைக் காவலருக்குப் பாதுகாப்பும் அளிக்கச் செய்தது. செப்டம்பரில் 9 காவலர்கள் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. வக்கீல் மூலம் சிகிச்சை கேட்டு நீதிமன்றத்தில் மனு போடலாம். நேர்காணலில் பார்த்த காயத்தைத் தேதி, நேரத்தோடு குறித்து வைப்பது முக்கியம். பின்னால் அதுவே ஆதாரமாகும்.