மகப்பேற்றுச் செவிலியம்

மகப்பேற்றுச் செவிலியம் என்பது பேறுகாலத்தில் தாயையும் பிறக்கும் குழந்தையையும் பேணும் செவிலியப் பிரிவு ஆகும். இலங்கையில் செவிலியர் தாதியர் எனவும், பேறு பார்க்கப் பயிற்சி பெற்றவர் மருத்துவமாது எனவும் அழைக்கப்படுவர்.

வலிக்காலக் கண்காணிப்பு

இப்பணியின் பெரும்பகுதி காத்திருந்து கவனிப்பதே. கருவிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பு பொதுவாக நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருக்கும். வலி தீவிரமடைந்த பின் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறையும், தாய் முக்கும் கட்டத்தில் 5 நிமிடங்களுக்கு ஒருமுறையும் அது கேட்கப்படும். இதனுடன் கருப்பை வாயின் விரிவு, தாயின் நாடி, இரத்த அழுத்தம் ஆகியன பார்ட்டோகிராஃப் எனும் ஒற்றைத்தாள் வரைபடத்தில் குறிக்கப்படும். 1972 இல் ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) பில்பாட், காசில் ஆகிய மருத்துவர்கள் இவ்வரைபடத்தில் எச்சரிக்கைக் கோட்டைச் சேர்த்தனர். மருத்துவர் இல்லாத சிற்றூர் நிலையங்களில் உள்ள மருத்துவச்சி, தாயை எப்பொழுது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று தாமே முடிவு செய்ய இது உதவியது. பணிச்சுமை மிகுந்த இடங்களில் இத்தாள் பேறு முடிந்த பின்னர் நிரப்பப்படுவதும் உண்டு. அப்பொழுது அது வெறும் பதிவேடே அன்றி எச்சரிக்கை ஆகாது. 2020 இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட புதிய படிவத்தில் தாய்க்குத் துணையாள் உள்ளாரா, நீர் அருந்தினாரா என்பனவும் இடம்பெற்றன.

குருதிப்போக்கு

பேற்றுக்குப் பிந்தைய குருதிப்போக்கு உலகளவில் தாய்மார் இறப்பின் முதன்மைக் காரணமாகும். இதனைத் தடுக்க, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் 10 அலகு ஆக்சிடோசின் ஊசி போடப்படுகிறது. பின்னர் நச்சுக்கொடி முழுமையாக வந்துள்ளதா எனச் செவிலியர் விரித்துப் பார்ப்பார். வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பை இறுகியுள்ளதா என்றும் அறிவார். துணியில் ஊறிய குருதியைக் கண்ணால் மட்டும் மதிப்பிட்டால் உண்மையினும் குறைவாகவே தோன்றும். அளவுக்குறியிட்ட விரிப்பில் குருதியைச் சேர்த்து அளந்து, சிகிச்சைகள் அனைத்தையும் ஒருங்கே தொடங்கும் முறை நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஆராயப்பட்டது. இது கடுமையான குருதிப்போக்கையும் அதன் விளைவுகளையும் சுமார் 60 விழுக்காடு குறைத்ததாக 2023 இல் அறியப்பட்டது.

வரலாறு

1840களில் வியன்னா மருத்துவமனையில், மருத்துவ மாணவர் பணிபுரிந்த பிரிவில் தாய்மார் இறப்பு வீதம், மருத்துவச்சிகள் பயின்ற பிரிவைவிட இருமடங்கிற்கும் மேலாக இருந்தது. மாணவர்கள் பிணப் பரிசோதனையிலிருந்து நேரே வந்ததே காரணம் என்று செம்மல்வைசு கண்டறிந்து, 1847 இல் கைகழுவுதலைக் கட்டாயமாக்கினார். சென்னையில் மகப்பேற்று மருத்துவமனை 1844 இல் தொடங்கப்பட்டு, 1882 இல் இடம் மாற்றப்பட்டது. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879 இல் திறக்கப்பட்டது.