பில்ஹணன் கதை

கவிஞன் ஒருவனுக்கும், அவனிடம் கவிதை இலக்கணம் கற்க வந்த இளவரசிக்கும் இடையே மலர்ந்த காதலைச் சொல்வது பில்ஹணன் கதை. வடமொழியில் பிறந்து இந்திய மொழிகள் பலவற்றில் பரவிய இக்கதை, 1937 முதல் 1948 வரையிலான காலத்தில் தமிழில் காவியமாகவும் வானொலி நாடகமாகவும் மேடை நாடகமாகவும் திரைப்படமாகவும் அடுத்தடுத்து உருவெடுத்தது. நான்கைந்து பாடகர்கள், ஒரு சில வாத்தியங்கள், சிறியதொரு அரங்கு இவ்வளவே போதுமென்று ஐரோப்பியர் வளர்த்த ‘சேம்பர் ஆப்பெரா’ என்னும் இசை நாடக வகைக்கு இதைவிடப் பொருத்தமான கதை நம்மிடம் இல்லை.

காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. மகளுக்குக் கவிதை கற்பிக்க அழகான இளைஞனை அமர்த்த அஞ்சும் அரசன், இருவருக்கும் நடுவே திரை கட்டுகிறான். ஆசிரியனுக்குப் பார்வை இல்லை என்று அவளிடமும், மாணவிக்குத் தொழுநோய் என்று அவனிடமும் பொய் சொல்லப்படுகிறது. பாடம் குரல்வழியே நடக்கிறது. ஒருநாள் இரவு எழுந்த நிலவைக் கண்டு அவன் பாடுகிறான். பார்வையற்றவன் நிலவை இப்படிப் பாட முடியுமா என்ற ஐயத்தில் அவள் திரையை விலக்குகிறாள். ஒருவரையொருவர் பார்க்கும் முன்பே இருவரும் ஒருவர் குரலையும் சொல்லையும் மற்றவர் அறிந்துவிட்டார்கள். நாடகத்தின் உயிர்நிலை காதுக்கு உரியதாக அமைந்த காதல் கதைகள் அரிது.

பில்ஹணன் வரலாற்றில் வாழ்ந்தவர். 11ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் பிறந்து, பல நாடுகள் சுற்றி, கல்யாணியில் ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் (ஆட்சி 1076–1126) அவைப்புலவரானார். அம்மன்னனைப் பாடிய ‘விக்கிரமாங்கதேவ சரிதம்’ 18 சருக்கங்கள் கொண்டது. அதன் சுவடியை ஜெயசல்மேரில் 1874இல் கண்டெடுத்தவர் ஜெர்மானிய அறிஞர் கியார்க் பியூலர். நூலின் கடைசிச் சருக்கத்தில் புலவர் தம் வாழ்க்கையையே சொல்கிறார். இளவரசியோ சிறையோ கொலைத் தண்டனையோ அங்கே இல்லை. அவர் பெயரால் வழங்கும் ஐம்பது காதல் செய்யுள்களான ‘சௌரபஞ்சாசிகா’வைச் சுற்றித்தான் பிற்காலத்தார் இந்தக் கதையைப் பின்னினர். கொலைக்களத்துக்குச் செல்லும் வழியில் அவர் அவற்றைப் பாட, மனம் இளகிய அரசன் மகளையே மணமுடித்துக் கொடுத்தான் என்பது வழக்கு.

வங்கத்தில் பாரதசந்திர ராய் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாடிய ‘வித்யாசுந்தர்’ இதே கதைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னர் அது ஜாத்ரா மேடையில் புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் எட்வின் அர்னால்டும், 1919இல் போவிஸ் மேதர்ஸும் செய்யுள்களை மொழிபெயர்த்தனர். மேதர்ஸின் வரிகளை ஜான் ஸ்டைன்பெக் 1945இல் வெளிவந்த தம் நாவலொன்றில் எடுத்தாண்டார்.

தமிழில் திருப்புமுனை பாரதிதாசனின் ‘புரட்சிக்கவி’ (1937). உதாரன், அமுதவல்லி என்று அவர் காதலருக்குப் பெயரிட்டார். நிலவைப் பாடும் பகுதியை எண்சீர் விருத்தத்தில் அமைத்தார். ராகத்தோடு விருத்தம் பாடிப் பழகிய மேடைக்கு அது தானாகவே வசப்படும். முடிவைத்தான் அவர் அடியோடு மாற்றினார். அரசன் இரங்கவில்லை. காதலர் இருவரும் கொலைக்களம் ஏறுகிறார்கள், உதாரன் திரண்ட மக்களை நோக்கிப் பேசுகிறான், மக்கள் எழுகிறார்கள், முடியாட்சி வீழ்ந்து குடியாட்சி வருகிறது. மூலக்கதையில் கவிதை ஓர் அரசனின் மனத்தை மாற்றியது, இங்கே ஒரு நாட்டின் ஆட்சியையே மாற்றுகிறது. என் மதிப்பில், இக்கதை எந்த மொழியிலும் அடைந்த மிக உயர்ந்த வடிவம் இதுவே.

1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்துக்காக ஏ.எஸ்.ஏ. சாமி ‘பில்ஹணன்’ நாடகத்தை எழுதினார். கவிஞனாக எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரல் ஒலித்தது. முகம் தெரியாமல் குரலைக் கேட்டு மயங்கும் கதைக்கு முகமே காட்டாத வானொலி வாய்த்தது பெரும் பேறு. நேயர்கள் எல்லோரும் திரைக்கு இப்பால் இருந்த இளவரசியின் நிலையில் இருந்தார்கள்.

அந்நாடகத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் பாட்டும் வசனமும் பயின்று வளர்ந்தவர்கள் இவர்கள். 1948இல் அவர்களே இதைப் படமாக்கினர், டி.கே. சண்முகம் பில்ஹணனாகவும் எம்.எஸ். திரௌபதி இளவரசியாகவும் நடித்தனர்.

கொங்கு நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. நாடகக் கலையின் வளர்ச்சிக்காக டி.கே. சண்முகம் முன்னின்று நடத்திய மாநாடு 1944இல் ஈரோட்டில் கூடியது. பில்ஹணனை எழுதிய சாமி, கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான ‘ராஜகுமாரி’ (1947) படத்தின் வழியே இயக்குநரானார்; எம்.ஜி.ஆர். கதாநாயகனான முதல் படமும் அதுதான். புலவர் ஒருவரின் வாழ்வைப் பாட்டாலேயே நடத்திச் சென்ற பாகவதரின் ‘சிவகவி’யும் (1943) கோவையில் எடுக்கப்பட்டது. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, ‘பொன்முடி’ (1950) என்ற படமானது.

புலவர் காதலைச் சொல்லும் இன்னொரு கதையான அம்பிகாபதி இதைவிடப் பெரும் புகழ் பெற்றது. 1937இல் பாகவதரும் 1957இல் சிவாஜி கணேசனும் அதில் நடித்தனர். ஆனால் அதற்குச் சோழப் பேரவையும் நூறு பாடல் கேட்கத் திரண்ட கூட்டமும் வேண்டும். பில்ஹணனுக்கு ஆடம்பரம் தேவையில்லை. கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. சாலையில் பாரதிய வித்யா பவன் இருக்கிறது. அதுபோன்ற இடங்களில் கச்சேரி கேட்டுப் பழகிய சிறு அவையின் முன்னால், ஒரு வீணை, ஒரு மிருதங்கம், நடுவே ஒரு திரை என்று ‘புரட்சிக்கவி’யை முழு இசை நாடகமாகப் பாடி நடிக்கலாம். கொலைக்களக் காட்சியில் எழும் மக்களின் குரலுக்கு மட்டும் பத்துப் பேர் கொண்ட சேர்ந்திசைக் குழு வேண்டியிருக்கும்.