அரைகுறையாய் எரியும் காபன்: கண்டிப் பள்ளத்தாக்கின் புகைக் கணக்கு

மலைகளால் சூழப்பட்ட கண்டி மாநகரை அதிகாலை வேளையில் உயரமான இடமொன்றிலிருந்து நோக்குவோர், வாவியின் மீதும் கட்டடங்களின் மீதும் மெல்லிய சாம்பல் நிறப் படலமொன்று தங்கியிருப்பதைப் பல நாட்களில் காண முடியும். அதனைப் பனிமூட்டம் என்று கருதுவது எமக்குப் பழகிப்போன ஒன்றாகும். எனினும் அந்தப் பனியோடு, விறகு அடுப்புகளும் டீசல் வாகனங்களும் தெருவோரக் குப்பைத் தீயும் கக்கிய புகையும் கலந்தே இருக்கின்றது. இம்மூன்று புகைகளுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. காபன் முழுமையாக எரியவில்லை என்பதே அதுவாகும்.

காபன் எரிவதென்பது, அது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்வதாகும். போதிய ஒட்சிசன் கிடைக்குமிடத்து 12 கிராம் காபன் 32 கிராம் ஒட்சிசனுடன் சேர்ந்து 44 கிராம் காபனீரொட்சைட்டாக மாறுகின்றது. அப்போது ஏறக்குறைய 394 கிலோ யூல் வெப்பம் வெளிப்படும். ஒட்சிசன் பற்றாக்குறையாக இருப்பின் காபனோரொட்சைட்டு எனும் நச்சுவாயு உருவாகின்றது. இந்நிலையில் அதே 12 கிராம் காபனிலிருந்து கிடைப்பது சுமார் 111 கிலோ யூல் மாத்திரமே. மூன்றில் இரண்டு பங்கிற்கும் அதிகமான வெப்பம் பயன்படாமலே வெளியேறி விடுகின்றது. ஆகவே குறை தகனம் என்பது உயிருக்கு ஆபத்தாவதோடு எரிபொருளுக்கு நட்டமும் ஆகும்.

காபன் எவ்வாறு எரியும் என்பது அது அமைந்துள்ள வடிவத்தையும் பொறுத்ததாகும். வைரமும் காபனே. 1797ஆம் ஆண்டில் ஆங்கிலேய இரசாயனவியலாளரான ஸ்மித்சன் டெனன்ட், வைரத்தை எரித்து அதனை நிரூபித்துக் காட்டினார். கண்டிக்கு அயலிலுள்ள கேகாலை மாவட்டத்தின் போகலையில் அகழப்படும் காரீயமும் காபனே. ஆயினும் அது இலகுவில் தீப்பற்றாது. உலோகங்களை உருக்கும் மூசைகள் செய்வதற்கு இலங்கைக் காரீயம் உலகெங்கும் தேடப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். மாறாக, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட மரக்கரிக்குள் காற்று எளிதில் புகுவதால் அது விரைவில் கனன்று எரிகின்றது.

விறகு எரியும் விதம் சற்றுச் சிக்கலானது. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகின்றது. ஒரு கிலோ நீரை ஆவியாக்குவதற்கு மாத்திரம் ஏறத்தாழ 2,260 கிலோ யூல் வெப்பம் செலவாகும். பச்சை விறகு புகைந்து எமது கண்களைக் கரிப்பதன் காரணம் இதுதான். வெப்பநிலை 200 பாகை செல்சியசைத் தாண்டும்போது மரம் சிதைவடைந்து எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடத் தொடங்குகின்றது. நாம் காணும் சுவாலை, இவ்வாயுக்கள் எரிவதேயாகும். அவை எரிவதற்குப் போதிய வெப்பமோ காற்றோ இல்லையெனில் கரித்துணிக்கைகளாகவும் தாராகவும் புகையாக எழும். இறுதியில் எஞ்சும் கரியே தணலாகக் கனல்கின்றது. அடுப்பங்கரையில் ஊதுகுழலால் ஊதிச் சுவாலையை எழுப்பும் பெண்கள், நூலறிவின்றியே இவ்விரசாயனத்தைக் கையாள்பவர்கள் எனலாம்.

புகையில்லாத தணல் பாதுகாப்பானது என்ற எண்ணம் எம்மிடையே பரவலாக உள்ளது. இது மிகத் தவறானதாகும். காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் அதிகமான வலிமையுடன் பிணைகின்றது. தலைவலி, மயக்கம், உறக்கம் எனத் தொடங்கி மரணத்தில் முடியலாம். மலையகத்தின் குளிர் இரவுகளில் கதவு, யன்னல்களை மூடிவிட்டு அறைக்குள் கரிச்சட்டி வைப்பதும், மின்வெட்டின்போது வீட்டினுள் மின்பிறப்பாக்கியை இயக்குவதும் உயிரோடு விளையாடும் செயல்களாகும். பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்பும், வீட்டு வாசலில் பொங்கலிடும் அடுப்பும் திறந்த வெளியில் இருப்பதால் அவற்றின் வாயுக்கள் விரைவில் கலைந்து விடுகின்றன. மூடிய அறைக்கு அந்த வசதி கிடையாது.

இவ்விடத்தில் நாம் ஓர் ஒப்பீட்டைச் செய்தாக வேண்டும். கண்டி மாவட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலைகளும் விறகையே எரிக்கின்றன. ஆனால் அங்கு உலர்ந்த விறகு, காற்றுப் புகும் இரும்புத் தட்டு, உயர்ந்த புகைபோக்கி என யாவும் உண்டு. தேயிலையில் புகைமணம் ஏறினால் அது விலைபோகாது என்பதை நிர்வாகங்கள் நன்கறியும். அத்தேயிலையைக் கொய்யும் பெண்ணோ, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவை ஒட்டிய இருண்ட மூலையில், புகைபோக்கி அற்ற அடுப்பின் முன் அமர்ந்து சமைக்கின்றாள். அவளது முதுகில் குழந்தையும் இருக்கலாம். இலைக்குக் கிடைத்த பாதுகாப்பு அவளது சுவாசப்பைக்குக் கிடைக்கவில்லை. வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் மரணித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

வீதியின் கதையும் இதனை ஒத்ததே. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரத்துடன் ஏறும் பழைய பஸ் வண்டியின் இயந்திரத்தினுள் அதிக டீசல் பாய்கின்றது. அதற்கேற்ற காற்றுச் சேராதபோது எரியாத காபன் கரும்புகையாக வெளிப்படுகின்றது. 2002ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டமையும், 2008ஆம் ஆண்டில் வாகனப் புகைப் பரிசோதனை ஆரம்பிக்கப்பட்டமையும் வரவேற்கத்தக்க நடவடிக்கைகளே. ஆயினும் கண்டியின் நில அமைப்பு ஒரு கிண்ணத்தைப் போன்றது. காற்றோட்டம் குறைந்த இரவுகளில் குளிர்ந்த காற்று அடியில் தங்க, வெப்பமான காற்று மூடிபோல் மேலே நிற்பதால் புகை வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. சமவெளியில் கலைந்து போகும் புகை இங்கு எமது பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் வேளையிலும் காத்திருக்கின்றது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காது நகர மக்களும் விறகடுப்பை நாட நேர்ந்தமையை எவரும் மறந்திருக்க முடியாது. விறகு ஏழைகளின் பிரச்சினை மாத்திரமன்று என்பதை அது உணர்த்தியது. விறகைக் கைவிடும்படி உபதேசிப்பது இலகு. விறகு தவிர வேறு வழியற்றவர்களுக்கு அதனால் பயனில்லை. விறகைச் சிறிதாகப் பிளந்து நன்கு உலர்த்துதல், ‘அனகி’ போன்ற திருந்திய மண் அடுப்பைப் பயன்படுத்துதல், கூரைக்கு மேலெழும் புகைபோக்கி அமைத்தல், சமைக்கும்போது கதவைத் திறந்து வைத்தல் என்பன பெருஞ்செலவற்றவை. பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் அடுப்பிலோ தெருவிலோ எரிப்பது அறவே தவிர்க்கப்பட வேண்டும்.

தோட்டங்களுக்கென வீடமைப்புத் திட்டங்களை வகுப்போர், சுவரையும் கூரையையும் கணக்கிடும்போது புகைபோக்கியுடன் கூடிய சமையலறையையும் கட்டாயமாகச் சேர்த்தல் வேண்டும். அடுப்புக்கு வேண்டிய காற்றையும், அதனருகே அமர்ந்திருப்பவருக்கு வேண்டிய தூய காற்றையும் பிரித்துக் கொடுப்பது அவ்வளவு கடினமான காரியமன்று. தேயிலைத் தொழிற்சாலைகள் நூறாண்டுகளுக்கு மேலாக அதனைச் செய்து வருகின்றன.