பதினான்கு இக்லீம்களில் ஒரு விசாரணை

பல நாட்டு மக்களிடம் ஒரே வகை வினாக்களை எழுப்பி, விடைகளை ஒப்பிட்டு ஆராயும் சமூகக் கணிப்பாய்வு, இருபதாம் நூற்றாண்டின் மேலைநாட்டுக் கண்டுபிடிப்பு என்றே நம்மில் கற்றோரும் கருதுகின்றனர். மாதிரித் தேர்வும் புள்ளியியலும் அவர்களுடையவை, ஐயமில்லை. ஆயின் நாடுதோறும் ஒரே அளவுகோலுடன் சென்று விசாரிக்கும் முறையை, ஹிஜ்ரி 375இல் (கி.பி. 985) ஷம்சுத்தீன் அல்முகத்தஸி இயற்றிய ‘அஹ்ஸனுத் தகாஸீம்’ என்னும் நூலிலேயே நாம் காண்கிறோம்.

பைத்துல் முகத்தஸில் பிறந்த இவர், இஸ்லாமிய உலகை அரபு இக்லீம்கள் ஆறு, அஜமி இக்லீம்கள் எட்டு எனப் பகுத்தார். ஒவ்வொன்றிலும் மத்ஹப், மொழி, வணிகம், நீர், நிறுவை, நாணயம், வரி, வழக்கங்கள் ஆகியவற்றை ஏறத்தாழ ஒரே தலைப்புகளின்கீழ் வினவினார். ஒப்பீட்டிற்கு இதுவே அடித்தளம். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் வழங்குவதையும் முன்னுரையிலேயே தொகுத்துரைத்தார். வினாவின் சொல் மாறினால் விடையும் மாறும் என்பது இன்றைய ஆய்வாளரையும் வருத்தும் இடர்ப்பாடன்றோ?

தாம் நேரிற் கண்டவை, நம்பத்தக்கோரிடம் கேட்டவை, நூல்களில் கிடைத்தவை எனத் தம் ஆதாரங்களை மூவகையாக்கினார். ஹதீஸ் கலையில் பழகிய நமக்கு இப்பாகுபாட்டின் அருமை எளிதிற் புலனாகும். மக்களோடு கலக்கும்பொருட்டு அவர் பூண்ட கோலங்கள் பல: ஸூஃபிகளுடன் ஹரீஸா உண்டார், மாலுமிகளுடன் அஸீதா உண்டார், யமனில் நூல்களுக்கு அட்டை கட்டிக் கூலி பெற்றார், ஒற்றர் என்று ஐயுற்றுச் சிறையிலும் வைக்கப்பட்டார். இதற்கெல்லாம் பதினாயிரம் திர்ஹத்துக்கு மேல் செலவாயிற்றாம்!

அவர் நேர்மைக்குச் சான்று அவர் பிறந்த ஊரைப் பற்றிய பகுதியே. அதன் சிறப்புகளை மனமாரப் புகழ்ந்தவர், அங்குள்ள குளியலறைகளைவிட அழுக்கானவை எங்குமில்லை என்றும், ஆலிம்கள் அங்கே குறைவு என்றும் தயங்காது எழுதினார். அந்தலுஸுக்குத் தாம் சென்றதில்லை என்பதையும் மறைக்கவில்லை.

குறையும் உண்டு. ஓர் ஊர் மக்கள் அனைவரின் குணத்தையும் ஒற்றைத் தொடரில் தீர்ப்பளித்துவிடுவார். எத்தனை பேரிடம் விசாரித்தார் என்று கூறார். முஸ்லிமல்லாதார் ஆட்சிப் பகுதிகளை அவர் அறவே விட்டதும் நமக்கு இழப்பே.

கல்கத்தா மத்ரஸாவின் முதல்வராயிருந்த ஸ்பிரெங்கர் (1813–1893) இவரை மிக உயர்வாக மதித்தார். 1877இல் லெய்டனில் டி கூயே இந்நூலைப் பதிப்பித்தார். நம் அரபுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றின் பாடத்திட்டத்தில் இது இன்னும் இடம்பெறவில்லை.