செரண்டிபிட்டி: தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று

ஆங்கிலத்தில் "செரண்டிபிட்டி" என்றொரு சொல் இருக்கிறது. நகைக்கடைக்கும் ஓட்டலுக்கும் பெயராக வைக்கிறார்கள். 2001இல் இதே பெயரில் ஒரு ஹாலிவுட் காதல் படமும் வந்தது. ஆங்கிலம் - தமிழ் அகராதிகளைப் புரட்டினால் "தற்செயல்", "அதிர்ஷ்டம்", "எதிர்பாராத நற்பேறு" என்பது போன்ற பொருள்கள் கிடைக்கும். இவை எல்லாமே பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தச் சொல் பிறந்த கதையையும், அதற்கு நல்ல உதாரணமாக நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தையும் பார்க்க வேண்டும்.

சொல் பிறந்த கதை

பொதுவாக ஒரு சொல் எந்த நாளில் பிறந்தது என்று சொல்ல முடியாது. இந்தச் சொல்லுக்கு மட்டும் பிறந்த நாள் தெரியும். 1754 ஜனவரி 28. ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தன் நண்பர் ஹோரஸ் மானுக்கு அன்று ஒரு கடிதம் எழுதினார். ஒரு பழைய புத்தகத்தில் இத்தாலியக் குடும்பச் சின்னம் ஒன்றைப் பற்றி எதிர்பாராத தகவல் கிடைத்ததைச் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளுக்குத் தானே ஒரு பெயர் வைத்திருப்பதாகவும் எழுதினார். அதுதான் செரண்டிபிட்டி.

"செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்" என்ற கதையிலிருந்து அந்தப் பெயரை எடுத்ததாக அவரே சொல்கிறார். அந்த இளவரசர்கள் போகும் வழியெல்லாம், தாங்கள் தேடிப் போகாத விஷயங்களைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்களாம். இங்கே "தற்செயலாலும்" என்பதோடு "கூர்மதியாலும்" என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அகராதிகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

செரண்டிப் என்பது வேறெதுவும் அல்ல, இலங்கைதான். அரபு வணிகர்கள் இலங்கையைச் சரந்தீப் என்று அழைத்தார்கள். சிந்துபாத் கதையிலும் இந்தப் பெயர் வருகிறது. "சேரன் தீவு" என்பதுதான் செரண்டிப் ஆயிற்று என்று தமிழில் சிலர் எழுதுவதுண்டு. ஆனால் சிம்ஹளத்வீபம் என்ற வடமொழிப் பெயரின் திரிபு என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம்.

ஒட்டகம் தொலைந்த கதை

இளவரசர்கள் கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதற்கும் முன்பே டில்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரோ 1302 வாக்கில் பாரசீகத்தில் எழுதிய "ஹஷ்த் பிஹிஷ்த்" என்ற நூலில் இது இருக்கிறது. மாலிக் காபூர் 1311இல் மதுரை வரை படையெடுத்து வந்ததைப் பற்றி எழுதியவரும் இதே அமீர் குஸ்ரோதான்!

இந்தக் கதை தமிழுக்கும் புதிதல்ல. நான்கு மந்திரிகள் கதையில் இதே ஒட்டகம் வருகிறது. நடேச சாஸ்திரியார் அந்தக் கதையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடி வரும் வியாபாரியிடம், வழியில் போய்க்கொண்டிருந்த நான்கு பேர் விசாரிக்கிறார்கள். "உன் ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டியா?" என்கிறான் ஒருவன். "வலது கண் தெரியாதா?" என்கிறான் அடுத்தவன். "வால் குட்டையா?" என்கிறான் மூன்றாமவன். "வயிற்று வலி உண்டா?" என்கிறான் நான்காமவன். எல்லாம் சரியாக இருக்கவே, இவர்கள்தான் திருடர்கள் என்று வியாபாரி ராஜாவிடம் இழுத்துப்போகிறான்.

அவர்களோ ஒட்டகத்தைப் பார்த்ததே இல்லை. மூன்று காலடிகள்தான் பதிந்திருந்தன, அதனால் நொண்டி. வழியின் இடது பக்கத்து இலைகளை மட்டும் தின்றிருந்தது, அதனால் வலது கண் குருடு. கொசுக்கடியால் சொட்டிய ரத்தத் துளிகள் கிடந்தன, வால் நீளமாக இருந்தால் விரட்டியிருக்கும். முன்னங்கால் சுவடு ஆழமாகவும் பின்னங்கால் சுவடு லேசாகவும் இருந்தது, அதனால் வயிற்று வலி. ராஜா அவர்களை மந்திரிகளாக்கிக்கொள்கிறார். (வால்போல் கடிதத்தில் இந்த ஒட்டகம் கோவேறு கழுதையாக மாறிவிட்டது!)

அந்தப் பாதையில் நால்வரும் நடந்தது தற்செயல். அன்று அதே பாதையில் நடந்த வேறு பலரும் அந்தத் தடங்களை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். தடத்தைப் படித்தவர்கள் நால்வர் மட்டுமே. செரண்டிபிட்டியின் முழுப் பொருள் இதுதான்.

நம் பழமொழிகளில் உண்டா?

தற்செயலைப் பற்றித் தமிழில் பழமொழிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வகையைச் சொல்கிறது.

"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது" என்பது, சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடப்பது. இதை ஆங்கிலத்தில் கோயின்சிடென்ஸ் என்பார்கள். "கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது" என்பது, தேடிய பொருளே சுலபமாகக் கிடைப்பது. இது வெறும் அதிர்ஷ்டம். "குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது" என்பதில் முயற்சி உண்டு, கூர்மதி இல்லை.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது" என்பதுதான் மிக அருகில் வருகிறது. ஒன்றைத் தேட வேறொன்று வருகிறது. ஆனால் வருவது பூதம். வில்லியம் பாய்ட் என்ற நாவலாசிரியர் 1998இல் செரண்டிபிட்டிக்கு எதிர்ச்சொல்லாக "செம்ப்ளானிட்டி" என்று ஒன்றை உருவாக்கினார். அந்தப் புதுச் சொல்லின் பொருளைத் தமிழ்ப் பழமொழி எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கிணறு வெட்டும்போது புதையல் கிடைத்து, அது புதையல்தான் என்று அடையாளம் காணும் கண்ணும் வெட்டியவனுக்கு இருந்தால், அதுதான் செரண்டிபிட்டி.

தாது வருடப் பஞ்சமும் சூரியனும்

இனி நம் ஊர் உதாரணத்துக்கு வருவோம். அது தொடங்குவது ஒரு பஞ்சத்தில்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை ஒரு கொடிய பஞ்சம் உலுக்கியது. தமிழ் ஆண்டுப் பெயரை வைத்து அதைத் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, அரசின் நிவாரணம் போதவில்லை. லட்சக்கணக்கானவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அப்போது மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகாவாக இருந்தது திண்டுக்கல். (தனி மாவட்டம் ஆனது 1985இல்தான்.) வானம் பார்த்த பூமியான இந்தச் சமவெளிக்கு மழை பொய்த்தால் வேறு கதி இல்லை.

மழை ஏன் பொய்க்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி 1877இல் ஒரு கருத்தை வெளியிட்டார். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, சென்னையின் மழையும் அதையொட்டியே கூடிக் குறைகிறது என்றார் அவர். அப்படியானால் சூரியனைத் தினமும் கவனித்தால் பஞ்சத்தை முன்பே அறியலாமே! தென்னிந்தியாவில் சூரியனுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்தார். கடைசியில் கொடைக்கானல் தேர்வாயிற்று. 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார், 1899இல் ஆய்வுக்கூடம் செயல்படத் தொடங்கியது. அன்று மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் (இன்றைய கொடைக்கானல் ரோடு) ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் சமவெளியைக் கடந்து அடிவாரம் போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ ஆட்கள் தூக்கிய நாற்காலியிலோதான் மேலே போக வேண்டும்.

எவர்ஷெட் கண்டது

1907இல் இங்கே பணிக்கு வந்தவர் ஜான் எவர்ஷெட். இவர் வாழ்க்கையிலேயே ஒரு செரண்டிபிட்டி உண்டு. 1896இல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க ஒரு குழுவோடு நார்வே போனார். மேகம் மூடி கிரகணம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் மேரி ஆர் என்ற பெண்ணைச் சந்தித்தார். வானியலில் அவருக்கும் அதே ஆர்வம். 1906இல் திருமணம் நடந்தது. கொடைக்கானலில் இருவரும் சேர்ந்தே சூரியனை ஆராய்ந்தார்கள்.

1908இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல், சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். புள்ளியைச் சுற்றி வாயு சுழல்காற்றைப் போலச் சுழல்கிறது என்பதே அப்போதைய எதிர்பார்ப்பு. 1909 ஜனவரி 5 அன்று வானம் மிகத் தெளிவாக இருந்தது. எவர்ஷெட் இரண்டு பெரிய புள்ளிகளின் ஒளியைப் பிரித்துப் படம் எடுத்தார். படத்தில் நிறமாலைக் கோடுகள் நேராக இல்லாமல் சற்று விலகியிருந்தன.

ரயில் நம்மை நோக்கி வரும்போது விசில் சத்தம் கூர்மையாகவும், விலகிப் போகும்போது மந்தமாகவும் கேட்கும் அல்லவா? ஒளியிலும் அப்படித்தான். வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். சூரியனின் விளிம்புக்குப் பக்கத்தில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றி வாயு சுழன்றால், இந்த நகர்வு ஒரு திசையில் அதிகமாகத் தெரிய வேண்டும். ஆனால் எவர்ஷெட் பார்த்தபோது, அந்தத் திசையில் நகர்வே இல்லை. அதற்குச் செங்குத்தான திசையில்தான் அதிகமாக இருந்தது. அப்படியானால் வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து நாலாபக்கமும் வெளியே பாய்கிறது!

எதிர்பார்த்த விடைக்குப் பொருந்தாத படத்தை "ஏதோ கருவிக் கோளாறு" என்று ஒதுக்கிவைப்பது மிகச் சுலபம். எவர்ஷெட் ஒதுக்கவில்லை. வெவ்வேறு கோணங்களில் மறுபடி மறுபடி படம் எடுத்து உறுதி செய்தார். இன்று உலகம் முழுவதும் வானியல் பாடப்புத்தகங்களில் இது "எவர்ஷெட் விளைவு" என்ற பெயரில் இருக்கிறது. 2008இல் இந்தியத் தபால் துறை இதற்காக ஒரு தபால்தலையும் வெளியிட்டது.

மழைக்கு என்ன பதில்?

பஞ்சத்துக்கு விடை தேடிக் கட்டிய இடத்தில் வாயுவின் ஓட்டம் கிடைத்தது சரி, மழைக்கு என்ன பதில் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கொடைக்கானல் ஆய்வுக்கூடம் அப்போது இந்திய வானிலைத் துறையின் கீழ் இருந்தது. 1904 முதல் 1924 வரை அதன் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற கணித வல்லுநர். சூரியப் புள்ளிகளையும் மழையையும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நம்பத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல உலகத்தின் பல ஊர்களுடைய காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டபோது விசித்திரமான ஒன்று தென்பட்டது. பசிபிக் கடலில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது, ஒரு தராசு போல. இதற்கு அவர் "தென் அலைவு" என்று பெயரிட்டார்.

1960களில் ஜேக்கப் பியர்க்னெஸ், இந்தத் தராசும் பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று விளக்கினார். தாது வருடப் பஞ்சத்தின்போதும் பலமான எல் நினோ இருந்தது என்பது இன்று தெரிந்த விஷயம். அந்த மழையைக் கெடுத்ததில் பெரும்பங்கு பசிபிக் கடலுக்கு உண்டு. அதை மனிதர்கள் சூரியனில் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடத் தொடங்கியதால்தான் கடைசியில் கடல் கண்ணில் பட்டது.

எப்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்?

லாட்டரியில் பரிசு விழுந்தால் அது செரண்டிபிட்டி அல்ல, வெறும் அதிர்ஷ்டம். பஸ் ஸ்டாண்டில் பழைய நண்பனைப் பார்ப்பது தற்செயல். தேடிய சாவி கட்டிலுக்கு அடியிலேயே கிடைப்பதும் செரண்டிபிட்டி ஆகாது. அசல் பொருளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்த மூன்று வேண்டும். ஒன்றைத் தேடியோ, ஒரு வழியில் நடந்தோ இருக்க வேண்டும். எதிர்பாராத வேறொன்று எதிர்ப்பட வேண்டும். அதன் மதிப்பை அந்த இடத்திலேயே உணரும் அறிவு இருக்க வேண்டும். 1928இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் தட்டில் பூஞ்சை வளர்ந்தது தற்செயல். அதைக் கழுவி ஊற்றிவிடாமல் அவர் உற்றுப் பார்த்ததால்தான் பெனிசிலின் கிடைத்தது.

ஓர் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் முன், "இதனால் என்ன லாபம், எத்தனை வருடத்தில் திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்பது இன்று வழக்கம். வரவு செலவுப்படி அது சரியான கேள்விதான். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை என்றதும் கொடைக்கானலை இழுத்து மூடியிருக்க வேண்டும். நல்லவேளை, மூடவில்லை. 1904 முதல் அங்கே எடுத்துவந்த சூரியப் படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான தொடர்ச்சியான பதிவு உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. சூரியனின் நீண்டகால மாற்றங்களை ஆராய்பவர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பதிவைத் தொடங்கியவர்களின் காலத்தில் கணினியே கிடையாது.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை அந்த ஆய்வுக்கூடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். கீழே சமவெளியில் மழைக்காக ஏங்கிய மக்களுக்காக எழுந்த கட்டடம் அது.